ஊர் தானாகச் சாவதில்லை

அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பி வரும்வரை பொழுது போக வேண்டுமே. கைபேசியில் எடுத்து வந்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். நயாகரா வந்தது, நியூயார்க் வந்தது. பிறகு திடீரென்று ஒரு தெரு. இரண்டு பக்கமும் பழைய செங்கல் கட்டிடங்கள். கூரை உள்ளே சரிந்து, ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் பலகை அடித்து, சுவருக்குள் மரம் முளைத்து நின்றன. மனித வாடையே இல்லை.

"இது கெய்ரோ. எகிப்திலே இல்லை ஸார், இல்லினாய்ஸிலே. செத்துப்போன ஊர்" என்றார்.

"எப்படிச் செத்தது?" என்று கேட்டேன்.

"ஆத்து வியாபாரம் போச்சு, ஊரும் போச்சு. எல்லாத்துக்கும் ஒரு காலம் உண்டே!" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

'எல்லாத்துக்கும் ஒரு காலம் உண்டே' என்கிற அந்த வார்த்தை என்னை விடவில்லை. எவ்வளவு விவேகமான வார்த்தை! கேட்டதும் தலையை ஆட்டத் தோன்றுகிறது. ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்த பிறகல்லவா 'காலம் வந்தது, போய்விட்டார்' என்று சொல்ல வேண்டும்? கெய்ரோவின் உடம்பில் காயம் இருக்கிறது. ஒன்றல்ல, பல. காயத்தைப் பார்க்காமல் தத்துவம் பேசுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. என் நண்பர் ஒருவர்தான் இப்படிச் சொல்கிறார் என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்கள், இடிந்த வீடுகளைப் படம் பிடிக்கவே கிளம்பிப் போகிறவர்கள், பொருளாதாரம் படித்தவர்கள் என்று பெரிய கூட்டமே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எகிப்தின் தலைநகரைப் போலவே எழுதினாலும் உள்ளூர்க்காரர்கள் 'கேரோ' என்றுதான் சொல்கிறார்கள். இல்லினாய்ஸ் மாநிலத்தின் தென்கோடி முனையில், ஒஹையோ நதி மிசிசிப்பியில் வந்து கலக்கும் இடத்தில் இருக்கிறது. ஒஹையோவைத் தாண்டினால் கென்டக்கி, மிசிசிப்பியைத் தாண்டினால் மிசௌரி. உள்நாட்டுப் போரில் தெற்கத்தியாரின் தலைநகராக இருந்த ரிச்மண்டைவிடவும் இது தெற்கே கிடக்கிறது. வரைபடத்தில் இந்த முனையைப் பார்த்த எவனுக்கும், 'இங்கே ஒரு மகாநகரம் எழும்பாமல் எங்கே எழும்பும்?' என்று தோன்றியிருக்கும். அப்படித்தான் தோன்றியது. 1830-களில் ஒரு கம்பெனி லண்டனில் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டி, கரை கட்டி, பட்டறைகள் போட்டது. 1840-ல் லண்டன் பாங்கி நொடித்துப் போகவே கம்பெனியும் படுத்துவிட்டது.

1842-ல் அந்த வழியாகப் படகில் போன சார்லஸ் டிக்கன்ஸ், ஊரைச் சேறும் காய்ச்சலும் நிறைந்த பாழிடம் என்று ஏசி எழுதினார். பிறகு 'மார்ட்டின் சஸில்விட்' நாவலில் வரும் 'ஈடன்' என்கிற மோசடிக் குடியேற்றத்துக்கு இந்த ஊரையே மாதிரியாக வைத்துக்கொண்டார் என்பது பலரும் ஒப்புக்கொண்ட விஷயம். பிறந்து நடை பழகுவதற்கு முன்பே ஒரு நாவலாசிரியர் கையால் சாவு எழுதப்பட்ட ஊர் இது! ஆனால் ஊர் அந்த நாவலைப் படித்துவிட்டுச் சாகவில்லை. 1850-களில் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில் வந்தது. 1858-ல் நகர அந்தஸ்து கிடைத்தது. 1861-ல் போர் மூண்டதும் கிராண்ட் தம் தலைமை நிலையத்தை இங்கேதான் வைத்தார். 1862 பிப்ரவரியில் ஹென்றி, டானல்சன் கோட்டைகளைப் பிடிக்க இங்கிருந்துதான் புறப்பட்டார்.

இன்னொன்றும் அப்போது நடந்தது. 'ஹக்கிள்பெரி ஃபின்' படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அடிமையாக இருந்த ஜிம்மும் சிறுவன் ஹக்கும் கட்டுமரத்தில் மிதந்து வருவது இந்தக் கெய்ரோவைத் தேடித்தான். இங்கே இறங்கி, நீராவிப் படகேறி ஒஹையோவின் வழியே மேலே போனால் ஜிம்முக்கு விடுதலை. மூடுபனியில் ஊரைத் தவறவிட்டுவிடுகிறார்கள். கதையில்தான் தவறிற்று. 1862-ல் அடிமைத்தளையிலிருந்து தப்பிய மனிதர்கள் ஆயிரக்கணக்கில் நிஜமாகவே இங்கே வந்து இறங்கினார்கள். பட்டாளத்தின் பாழடைந்த கொட்டகைகளில் நோயோடும் பசியோடும் கிடந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இங்கேயே தங்கினார்கள். நூற்றாண்டு திரும்பும்போது ஊர் ஜனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பர்கள். இந்த ஒரு விவரத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஜனத்தொகைக் கணக்கு. 1860-ல் 2,188 பேர். 1870-ல் 6,267. 1900-ல் 12,566. உச்சம் 1920-ல், 15,203. அப்புறம் இறக்கம். 1950-ல் 12,123. 1970-ல் 6,277. 2000-ல் 3,632. 2010-ல் 2,831. 2020-ல் 1,733. நூறு வருஷத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

ஆற்று வியாபாரக் கட்சியினர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை அவர்களைவிட நன்றாகவே நான் எடுத்துச் சொல்லுகிறேன். கெய்ரோ பிழைத்தது வியாபாரத்தால் என்பதைவிட, வியாபாரம் அங்கே தடைப்பட்டு நின்றதால் பிழைத்தது என்பதே பொருத்தம். ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. ஏற்றி இறக்குகிற இடத்தில் கூலிக்காரன் உண்டு, விடுதி உண்டு, சாராயக்கடை உண்டு. 1889-ல் ஒஹையோவின் குறுக்கே ரயில் பாலம் வந்தது. 1905-ல் சற்று வடக்கே தீப்ஸ் என்ற இடத்தில் மிசிசிப்பியின்மேல் இன்னொரு ரயில் பாலம். 1929-லும் 1930-களின் இறுதியிலும் இரண்டு ஆறுகளுக்கும் சாலைப் பாலங்கள். 1978-ல் பெருஞ்சாலைப் பாலம் ஊரை ஒதுக்கிவிட்டே போயிற்று. நிற்க வேண்டிய அவசியம் போனதும் நிற்பவனும் போய்விட்டான். எல்லாம் சரி. இந்தக் காரணங்களை மறுப்பவன் சரித்திரம் அறியாதவன்.

ஆனால் கணக்கைத் தேதியோடு வைத்துப் பாருங்கள். 1920-லிருந்து 1950 வரை முப்பது வருஷம். இந்த முப்பது வருஷத்தில் இரண்டு சாலைப் பாலங்கள் வந்தன, நாடு முழுதும் பெரும் பொருளாதார மந்தம் வந்தது, 1937-ல் பெருவெள்ளம் வந்தது. ஊர் இழந்தது ஐந்தில் ஒரு பங்கு. அடுத்த இருபது வருஷத்தில், 1950-லிருந்து 1970-க்குள், புதிய பாலம் எதுவும் ஊரை ஒதுக்கவில்லை. பெருஞ்சாலைப் பாலத்துக்கு இன்னும் எட்டு வருஷம் இருந்தது. ஊர் இழந்தது பாதி. பாலம் கொன்றதென்றால், பாலம் வந்தபோது ஐந்தில் ஒன்று போன ஊரில், பாலம் வராதபோது பாதி போவானேன்?

பக்கத்து ஊரையும் பாருங்கள். முப்பது முப்பத்தைந்து மைல் வடக்கே, அதே மிசிசிப்பியின் மேற்குக் கரையில் கேப் ஜிரார்டோ. 1920-ல் அங்கே 10,252 பேர். கெய்ரோதான் பெரிய ஊர். 2020-ல் அங்கே 39,540 பேர். கிழக்கே ஒஹையோவின்மீது படூக்கா. 2020-லும் அங்கே 27,137 பேர். இதே ஆறுகள்தாம், இதே வெள்ளந்தான். அந்த ஊர்களுக்கும் பாலம் வந்தது. 1928-ல் கேப் ஜிரார்டோவுக்கும் வந்தது. 'அங்கே கல்லூரி இருந்தது, மேட்டு நிலம் இருந்தது' என்பார்கள். ஆம், இருந்தது. 'படூக்கா பக்கத்தில் 1950-களில் அணு எரிபொருள் ஆலை வந்தது' என்பார்கள். ஆம், வந்தது. அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் தர்மராஜாக்கள் என்றும் நான் சொல்லவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: ஆறு வற்றவில்லை, ஆற்றங்கரை ஊர் என்பதற்காக எந்த ஊரும் சாக வேண்டியதில்லை. கெய்ரோவில் வேறு ஏதோ நடந்தது.

என்ன நடந்தது?

1909 நவம்பர் 11-ஆம் தேதி இரவு. ஒரு வெள்ளைப் பெண்ணைக் கொன்றதாகப் பிடிக்கப்பட்ட கறுப்பன் ஒருவனை, விசாரணை எதுவும் நடக்குமுன், ஆயிரக்கணக்கான பேர் கூடி, ஊர் நடுவே மின்விளக்குகள் ஜொலிக்கும் வளைவில் தூக்கிலிட்டார்கள். கயிறு அறுந்தது. சுட்டார்கள், இழுத்துக்கொண்டு போனார்கள், எரித்தார்கள். ஆத்திரம் அடங்காமல் அன்றிரவே சிறையை உடைத்து ஒரு வெள்ளைக்காரனையும் இழுத்து வந்து தொங்கவிட்டார்கள். இந்தக் காட்சிகள் படத் தபால் அட்டைகளாக விற்பனையாயின. கைதியைக் காப்பாற்றத் தவறிய ஷெரீப்பை மாநிலச் சட்டப்படி கவர்னர் பதவி நீக்கினார். அவர் மறுபடி பதவி கேட்டு மனுப்போட்டபோது, ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பின வீராங்கனை தன்னந்தனியாகக் கெய்ரோவுக்கு வந்து, சாட்சியங்களைத் திரட்டிக்கொண்டு போய், தேர்ந்த வக்கீல்களுக்கு எதிரே நின்று வாதாடினார். மனு தள்ளுபடியாயிற்று. அந்த அம்மாள் ஜயித்தார், ஊர் ஜயிக்கவில்லை.

கெய்ரோவில் உத்தியோகம் என்பது வெள்ளையனுக்கு, கூலி என்பது கறுப்பனுக்கு என்கிற ஏற்பாடு மாறவில்லை. கடையில் கறுப்பன் சாமான் வாங்கலாம், விற்பவனாக நிற்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு ஜனத்துக்கு ஊரில் எதிர்காலம் இல்லை என்று அறிவித்துவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? சிகாகோவுக்கு ரயில் இருந்தது. '1962-க்கு முன்பே ஜனம் போகத் தொடங்கிவிட்டதே, கிளர்ச்சிதானா காரணம்?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கிளர்ச்சி காரணமே அல்ல. கிளர்ச்சிக்கு எது காரணமோ அதுதான் ஊர் காலியானதற்கும் காரணம்.

1962-ல் மாணவர்களும் இளைஞர்களும் நீச்சல் குளத்தின் வாசலில் வந்து நின்றார்கள். பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரான ஜான் லூயிஸ் அவர்களில் ஒருவர். குளம் 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று சொல்லப்பட்டது; உறுப்பினர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு மகாநதிகளுக்கு நடுவே வாழும் குழந்தைகள் ஆபத்தில்லாமல் குளிக்க ஒரு குளம் கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? குளத்தை மூடினார்கள். பிறகு சிமென்ட் கொட்டி நிரப்பியே விட்டார்கள்!

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். தன் குழந்தைகளும் குளிக்க முடியாமல் போனாலும் சரி, அவன் குழந்தை குளிக்கக் கூடாது என்று தன் சொத்தில் தானே சிமென்ட் கொட்டுகிறவனை எந்தப் பொருளாதாரச் சூத்திரத்தில் அடக்குவீர்கள்? இதையும் ஆற்று வியாபாரக் கணக்கில் எழுதிவிடுவீர்களா?

1967-ல் காவலில் இருந்த ஓர் இளம் கறுப்புச் சிப்பாய், விடுமுறையில் ஊர் வந்த பையன், தூக்கில் தொங்கக் காணப்பட்டான். தற்கொலை என்றது போலீஸ். கறுப்பர்கள் நம்பவில்லை. தீ வைப்புகள் நடந்தன. தேசியக் காவல் படை வந்தது. வெள்ளையர்கள் 'வெள்ளைத் தொப்பிக்காரர்' என்று ஓர் ஆயுதக் கும்பலைச் சேர்த்தார்கள். கறுப்பர் குடியிருப்பான பிரமிட் கோர்ட்ஸை நோக்கி ராத்திரிகளில் துப்பாக்கி வெடித்தது. 1969-ல் கறுப்பர்கள் ஐக்கிய முன்னணி அமைத்து, வெள்ளையர் கடைகளில் சாமான் வாங்குவதில்லை என்று தீர்மானித்தார்கள். கேட்டது பெரிதல்ல: எங்கள் காசு உங்கள் கல்லாப்பெட்டிக்கு வருகிறது, எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு உங்கள் கடையில் வேலை கொடுங்கள் என்பதுதான். வருஷக்கணக்கில் பகிஷ்காரம் நடந்தது. வேலை கொடுப்பதைவிடக் கடையை இழுத்து மூடுவதே மேல் என்று பலர் முடிவு செய்து மூடினார்கள். 1972 மார்ச்சில் மத்திய அரசின் குடியுரிமைக் கமிஷனே நேரில் வந்து விசாரணை நடத்தியது.

என் நண்பர் படம் பிடித்து வந்த வணிகத் தெரு பாழானதில் இந்தப் பூட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மிசிசிப்பி வந்து போட்டதல்ல அந்தப் பூட்டு. சாவியைக் கையில் வைத்திருந்த மனிதர்கள் போட்டது.

சரி, எப்போதோ நடந்ததைக் கிளறுவானேன் என்று சிலர் கேட்கலாம். 'செத்த ஊர்' என்கிற பேச்சு வெறும் பேச்சோடு நிற்பதில்லை என்பதற்காகத்தான் கிளறுகிறேன். 2011-ல் ஒஹையோ அறுபத்தொரு அடிக்கு மேல் ஏறியது. அதுவரை காணாத உயரம். கெய்ரோவைக் காக்க மிசௌரிப் பக்கத்துக் கரையை வெடிவைத்துத் திறக்க வேண்டும்; 1937-லும் அப்படித்தான் செய்தார்கள். திறந்தால் சுமார் 1,30,000 ஏக்கர் விளைநிலம் மூழ்கும். அப்போது மிசௌரிச் சட்டசபையின் சபாநாயகரிடம், நிலம் மூழ்குவதா, கெய்ரோ மூழ்குவதா என்று கேட்டார்கள். கெய்ரோவே மூழ்கட்டும் என்றார்; அந்த ஊரைத் தாமே பார்த்ததுண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். கேட்கட்டும். ஆனால் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? செத்ததை மூழ்கடித்தால் என்ன பாவம் என்கிற எண்ணத்திலிருந்து வந்தது. 2,831 பேர் உயிரோடு இருந்த ஊர் அது! மிசௌரி தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயும் தடை கிடைக்கவில்லை. மே 2-ஆம் தேதி கரையை வெடித்தார்கள், கெய்ரோ பிழைத்தது. அந்த வெள்ளத்தில் அழிந்தது விளைநிலம் மட்டுமல்ல. கறுப்பு விவசாயிகள் 1940-களில் உண்டாக்கிய பின்ஹூக் என்ற சிற்றூரும் போயிற்று. ஒரு ஏழையைக் காக்க இன்னொரு ஏழையை முக்க வேண்டியிருந்தது. அதையும் மறைக்க எனக்கு உரிமையில்லை.

வெள்ளம் செய்யாததை அரசாங்கக் காகிதம் செய்தது. 1940-களில் கட்டிய எல்ம்வுட், மக்பிரைட் என்ற பொதுக் குடியிருப்புகளை உள்ளூர் வீட்டு வாரியம் பராமரிக்காமல் விட்டது. எலியும் ஒழுகலும் குளிருமாகக் கிடந்தன. 2016-ல் மத்திய வீட்டு வசதித் துறை வாரியத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2017-ல், பழுது பார்க்க முடியாது, இடிக்கப் போகிறோம், நீங்கள் வெளியேற வேண்டும் என்று சொல்லிற்று. சுமார் 400 பேர்; அவர்களில் ஏராளமானோர் குழந்தைகள். ஊரில் வேறு வாடகை வீடு இல்லை. புதிதாகக் கட்டித் தருவாரும் இல்லை. சேர்ந்த இடத்துக்குப் போனார்கள். 2020-ல் கணக்கெடுக்க வந்தவர்கள் 1,733 என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் பத்து வருஷத்தில் அமெரிக்காவிலேயே அதிக விகிதத்தில் ஜனத்தை இழந்த கவுண்டி என்ற பெயரும் கெய்ரோ இருக்கும் அலெக்ஸாண்டர் கவுண்டிக்குக் கிடைத்தது. நாமும் பட்டியலைப் பார்த்து, 'ஐயோ, ஊர் இன்னும் குறைந்துவிட்டதே, காலம்!' என்று பெருமூச்சு விடுகிறோம். வெளியே போ என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டு, போனவர்களை எண்ணிப் பார்த்து ஆச்சரியப்படுவது என்ன நியாயம்?

இதில் என் தொழிலையும் நான் விட்டுவிடத் தயாராக இல்லை. கதை எழுதுகிறவர்களுக்கு விதியின்மேல் ஒரு மோகம் உண்டு. பாழடைந்த வீடு, அணைந்த விளக்கு, அஸ்தமனம், ஓடிக்கொண்டே இருக்கும் நதி என்று நாலு வரி எழுதிவிட்டால் வாசகர் கண் கலங்குகிறார். நானும் எழுதியிருக்கிறேன், ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஒரு கிராமத்தைக் 'காலம்' விழுங்கிவிட்டதாக முடித்திருக்கிறேன். யார் விற்றான், யார் வாங்கினான், யார் வெளியேற்றினான் என்று எழுதியிருந்தால் அத்தியாயம் அவ்வளவு அழகாக வந்திருக்காது. அழகுக்காக நான் குற்றவாளிகளைத் தப்பவிட்டேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

2015-க்குப் பிறகு கெய்ரோவில் ஒரு மளிகைக் கடைகூட இல்லை. காய்கறிக்கு மாநில எல்லை தாண்டிப் போனார்கள். 2023-ல் ஊர் ஜனங்களே பங்கு போட்டுக் கூட்டுறவு முறையில் ஒரு கடை திறந்தார்கள். அது நன்றாக நடந்ததா, நொண்டியடித்ததா என்பதல்ல என் கேள்வி. செத்தவர்கள் பங்கு போட்டுக் கடை வைப்பதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

நண்பருக்கு மறுநாள் தொலைபேசியில் கேட்டேன்: "அந்த ஊரிலே யாரோடயாவது பேசினீங்களா?"

"பேசறதுக்கு அங்கே யார் ஸார் இருக்கா?" என்றார்.

1,733 பேர் இருந்தார்கள். வண்டியை நிறுத்தி ஒரு கதவைத் தட்டியிருக்கலாம். தட்டாமல் வந்துவிட்டு ஊர் செத்துவிட்டதென்று சொல்வதற்கு, அமெரிக்கா போய் வந்தவருக்கும் உரிமையில்லை, இங்கே உட்கார்ந்துகொண்டு தலையாட்டுகிற நமக்கும் உரிமையில்லை.